மலையின் இறங்குகிற பக்கம்

மார்ச் 3

காலையிலிருந்து குடுவை கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. என் கையை மட்டும் பார்த்தால் என்னை விட இருபது வயது மூத்தவள் என்று சொல்லலாம். முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

லேப்பில் எல்லாரும் ஒரே பரபரப்பு. மாநாடு வருகிறது. எங்கள் லேப்புக்கு ஒரே ஒரு சரக்குதான் – செலினியம். மண்ணில் இருக்கிறதாம், தானியத்தில் ஏறுகிறதாம், நம் உடம்பிலும் துளியூண்டு இருக்கிறதாம். அந்தத் துளியூண்டை வைத்துக்கொண்டு ஒரு அறை நிறையப் படித்தவர்கள் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் குடுவை கழுவுகிறேன், எலிக் கூண்டில் மரத்தூள் மாற்றுகிறேன், எல்லாரையும் கிண்டலடித்து வாருகிறேன். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

இந்த டைரியும் போன மாநாட்டில் கொடுத்ததுதான். மாநாட்டுக்கு அவர்கள் போவார்கள், அங்கே கொடுக்கிற துணிப்பையும் பேனாவும் டைரியும் எனக்கு வரும். எங்கள் வீட்டில் செலினியம் மாநாட்டுப் பை தொங்காத ஆணி கிடையாது.

மார்ச் 6

இன்று ரயிலின் ஒத்திகை.

ரயில் என்றால் எங்கள் ஆராய்ச்சி மாணவன். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டான் என்பதால் நான் வைத்த பெயர். இப்போது லேப்பை நடத்துகிற மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மேடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மாநாட்டில் பேசப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் என் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். ஐந்தாவது தாண்டாத எனக்குப் புரிந்துவிட்டால் உலகத்தில் எவருக்கும் புரியும் என்பது அவர் கணக்கு. புகழ்கிறாரா, காலை வாருகிறாரா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. முன்வரிசை நாற்காலி எனக்கு. கையில் முட்டை வேகவைக்கிற கடிகாரம். அது மணி அடித்தால் பேச்சு நின்றே ஆக வேண்டும். அதுவும் சட்டம்.

ரயில் எலிகளைப் பற்றிப் பேசினான். செலினியமே கிடைக்காத எலி மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. கொஞ்சம் கிடைத்த எலி எழுந்து நடக்கிறது. இன்னும் கொஞ்சம் கிடைத்தது சக்கரத்தில் ஏறி ஓடுகிறது. சுவரில் ஒரு கோடு காட்டினான், மலை ஏறுகிற மாதிரி. எனக்குச் சட்டென்று புரிந்தது. கோடு உச்சிக்குப் போய்ச் சேரவும் கடிகாரம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

“அக்கா, ப்ளீஸ்க்கா, மலையோட இறங்குற பக்கம் பாக்கி. ரெண்டே ரெண்டு படம்.”

“ஏறினதுக்கே எனக்கு மூச்சு வாங்குது தம்பி. நீ இறங்கி வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “சரிதான். அங்க வர்ற அத்தனை பேருக்கும் மறுபக்கம் தெரியும். வெட்டிடு” என்றார். அவனும் வெட்டினான். நான் கை தட்டினேன்.

மார்ச் 7

நாத்தனாருக்கு மலை காட்டினேன்.

வீட்டுக்காரரின் தங்கை. கட்டினவன் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கே தைக்கிறாள். இடுப்பைத் தாண்டிய முடி. அதைப் பற்றிய கர்வம் அதை விட நீளம். போன காய்ச்சலிலிருந்து பாவம் சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள், எங்கள் செலினியம் இல்லாத எலி மாதிரியே.

அப்படியே சொன்னேன் அவளிடம். துணி வெட்டுகிற பலகையில் அவளுடைய சாக்குக்கட்டியாலேயே மலை போட்டேன்.

“கீழ சுருண்டு கிடக்கே, அது நீ. மேல சக்கரத்துல ஓடுதே, அது நான்.”

“உன் உடம்புக்கு அந்தச் சக்கரம் தாங்குமா அண்ணி?” என்றாள். வாய் மட்டும் சோரவில்லை! பிறகு கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். “போடப் போட ஏறிக்கிட்டே இருக்குமா?”

“பின்னே? ஏறத்தானே மலை.”

மார்ச் 10

இரண்டு பேரும் மருந்துக்கடைக்குப் போனோம். செலினியம் மாத்திரை டப்பாவில் நிஜமாகவே விற்கிறார்கள். கடைக்காரரிடம் “நாங்க இந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரங்க மாதிரி, பார்த்துக் கொடுங்க” என்றேன். அவர் நம்பியே விட்டார் போலிருக்கிறது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மார்ச் 27

ஒரே வாரத்தில் ஒரு கல்யாண வீட்டுத் துணி முழுக்கத் தைத்து முடித்துவிட்டாள். சக்கரத்தில் ஏறிவிட்டாள் என் எலி.

ஏப்ரல் 16

நாத்தனாரிடம் பூண்டு வாடை. பக்கத்தில் உட்கார முடியவில்லை. நானோ பூண்டு வாங்கியே பத்து நாளாகிறது.

“எங்கேடி ஒளிச்சு வச்சிருக்கே மூட்டையை? துணி அளவெடுக்க வர்றவங்க மயங்கி விழுந்தா உன் மெஷினைத்தான் விக்கணும்.”

எப்போதும் பதிலுக்கு ஒன்று போடுவாள். இன்று முறைத்தாள். பிறகு எழுந்து போய்ப் பல் தேய்த்தாள். திரும்பி வந்தும் அதே வாடை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினேன். வீட்டுக்காரர்கூடச் சிரித்தார், அவர் சிரிப்பதே அபூர்வம்.

ஏப்ரல் 22

லேப்பே காலி. எல்லாரும் மாநாட்டுக்குப் பறந்துவிட்டார்கள். நானும் எலிகளும்தான். எலிகளுக்கு என் நகைச்சுவை புரிகிறது, மறுப்புச் சொல்லுவதில்லை.

வீட்டில்தான் சரியில்லை. எதைச் சொன்னாலும் நாத்தனாருக்கு எரிச்சல். வாயில் இரும்பு ருசி என்கிறாள். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். பூண்டுக்காரி என்று கூப்பிட்டதற்குக் கத்தரிக்கோலைத் தரையில் வீசினாள். இத்தனை வருடத்தில் இப்படிச் செய்ததில்லை.

ஏப்ரல் 30

வந்துவிட்டார்கள். துணிப்பை நீல நிறம். ரயில் முகம் செத்துப்போயிருந்தது.

பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு வயதான விஞ்ஞானி அம்மா எழுந்தாராம். “உங்கள் ஊர் மலைக்கு ஒரு பக்கம்தானா?” என்று கேட்டாராம். அரங்கமே சிரித்ததாம். தெரிந்தவர்கள்தானே என்று வெட்டினோம் என்றிருக்கிறான். அதற்கு அந்தம்மா, “தெரிந்தவர்கள் நாங்கள். எங்கள் வாயிலிருந்து கேட்டுப் போகிறவர்களுக்கும் தெரியுமா?” என்றாராம்.

“விடுப்பா, கிழவிக்கு மூட்டு வலியா இருக்கும், அதான் இறங்குறதைப் பத்தியே யோசனை” என்று தேறுதல் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். முழு மலையையும் பேசப் போகிறானாம்.

மே 5

நாத்தனாரின் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு மறைத்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டு தைக்கிறாள். நகத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு, ஒவ்வொரு விரலிலும். கால் கட்டை விரல் நகம் ஆடுகிறது. தெருமுனை டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று பாட்டிலில் எதையோ ஊற்றிக் கொடுத்தார்.

இன்று நான் கேலி செய்யவில்லை.

மே 12

எழுதணுமா? எழுதாட்டா வெடிச்சிடும்.

ரயில் மறுபடியும் ஒத்திகை பார்த்தான். நான் முன்வரிசையில், மடியில் கடிகாரம். அதே எலி, அதே மலை. உச்சிக்குப் போனான். இந்தத் தடவை நிற்கவில்லை, இறங்கினான்.

“இந்த அளவைத் தாண்டினா சத்தே விஷம். எலிக்கு முடி கொட்டுது பாருங்கக்கா. மனுஷங்களுக்கும் இதேதான். முதல்ல மூச்சுல பூண்டு வாடை வரும் –”

நான் சிரித்தேன். எங்கள் வீட்டுப் பூண்டுக்காரி கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கலாம் என்று வாயைக்கூடத் திறந்தேன்.

“– அப்புறம் முடி கொத்தாக் கொட்டும். நகத்துல குறுக்கால வெள்ளைக் கோடு விழும். முத்திப் போச்சுன்னா நகமே கழண்டுடும். அதையும் தாண்டினா இதயம்.”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மடியிலிருந்து கடிகாரம் விழுந்து உருண்டது.

“என்னக்கா, நேரம் முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டான், பாவம்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் தெரியலை. கையுறையைக்கூடக் கழற்றலை. அவ மெஷின் மேல தலையைச் சாய்ச்சுக் கிடந்தா. டிராயரை இழுத்தேன். ஒரு டப்பா காலி. அதுக்குக் கீழ இன்னொன்று காலி. அதுக்கும் கீழ –

“எத்தனைடி போடுறே? சொல்லு, எத்தனை?”

“காலையில ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி.” கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னாள். “நீதானே அண்ணி சொன்னே, போடப் போட ஏறும்னு.”

மே 13

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லையாம். மாரில் ஒயர் ஒயராக ஒட்டியிருக்கிறார்கள். தலையில் கட்டியிருந்த துணியை நர்ஸ் அவிழ்த்தபோதுதான் முழுசாகப் பார்த்தேன். ஐயோ, அங்கங்கே தலை தெரிகிறது.

நேற்று டப்பாவைக் காட்டினபோது டாக்டர், “சத்து மாத்திரைதானே, பிடி பிடியாப் போட்டாலும் இதுல இவ்வளவு வராதே” என்றார். பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டார்: “வீட்ல யாராவது ரசாயனம் புழங்குற இடத்துல வேலை பாக்குறாங்களா?”

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மெதுவாகத்தான் கேட்டார். “லேப்ல இருந்து எதையாவது கொண்டு வந்தியா? விளையாட்டுக்குக்கூட?”

விளையாட்டுக்குக்கூட. அந்தச் சொல்தான் அறைந்தது.

கொண்டு வந்தேனே. சாக்குக்கட்டியால போட்ட அரை மலையைக் கொண்டு வந்தேன். பொடியும் இல்லை, பாட்டிலும் இல்லை. அதை எப்படிச் சொல்லுவேன் இவரிடம்? பேயறைந்த மாதிரி நின்றேன். என் வாய் அடைத்துப் போய் அவர் பார்த்ததே இல்லை. அதனாலேயே இன்னும் சந்தேகப்பட்டிருப்பார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். அழுகைக்கு நடுவே ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொன்னேன்.

மே 14

மேடமும் ரயிலும் வந்தார்கள். டாக்டரோடு வெகு நேரம் பேசினார்கள். இரத்தம் எடுத்து எங்கள் லேப்புக்கே அனுப்பினார்கள். ரயிலே மெஷினில் ஏற்றிப் பார்த்தானாம். கணக்கு வந்ததும் மறுபடி ஏற்றினானாம், மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து. கெடவில்லை.

எலி ரத்தத்துக்குத்தான் அந்தக் குழாய்களைக் கழுவி வைப்பேன். என் நாத்தனார் ரத்தத்துக்கு –

மாற்று மருந்து என்று ஒன்று கிடையாதாம். மாத்திரையை நிறுத்த வேண்டும், இதயத்தைக் காவல் காக்க வேண்டும், உடம்பு தானாக வெளியே தள்ளும் வரை காத்திருக்க வேண்டும். இத்தனை மாநாடு நடத்தியும் இவ்வளவுதானா என்று கேட்டேன். மேடம் தலையாட்டினார்.

வராந்தாவில் மேடம் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: “இவங்க எதையும் எடுத்துட்டு வரலை. பாதிப் பேச்சை வெட்டச் சொன்னது நான்.” ரயில் குறுக்கே புகுந்தான்: “வெட்டினது நான் சார்.” நான் சொன்னேன்: “மணி அடிச்சதும் கை தட்டினதும் நான்.”

வீட்டுக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் தங்கச்சி பிழைப்பாளா, அதைச் சொல்லுங்க” என்றார்.



மே 16

துடிப்பு இன்னும் தாறுமாறு.

மே 18

ஒயர்களை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கேட்டாள், அண்ணனிடம்.

மே 24

வீட்டுக்கு வந்தாள். என்னிடம் பேசுவதில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை. கதவைச் சாத்து, விளக்கைப் போடு என்றுகூட இல்லை. அவளே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்கிறாள். துணி வெட்டுகிற பலகையில் பழைய கோடு இன்னும் மங்கலாக இருக்கிறது. ஈரத் துணியால் துடைக்கப் போனேன். “விடுங்க” என்றாள்.

விடுங்க. எனக்கு அவள் ‘ங்க’ போட்டு நான் கேட்டதே இல்லை.

ஜூன் 2

தினமும் காலையில் அவள் கட்டிலுக்குப் போய் முகத்தை நீட்டுவேன். “ஊது” என்பேன். அதை மட்டும் செய்கிறாள், டாக்டர் சொன்னதால். இன்றும் பூண்டு.

ஜூன் 13

ஊதினாள். பல் தேய்க்காத வாயின் நாற்றம். வெறும் நாற்றம்! சாதாரண மனுஷ நாற்றம்! மறுபடியும் ஊதச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். “போதும், வேலையைப் பாருங்க” என்றாள்.

சமையலறையில் போய் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஜூலை 8

அவள் தலை முழுக்கக் குட்டிக் குட்டி முடி. தைத்துக் கொடுக்க முடியாமல் கொஞ்சம் துணி திரும்பிப் போயிற்று. நகம் மட்டும் ஊசியைப் பிடிக்கத் தோதாக இல்லை, உடைகிறது. வெள்ளைக் கோடு நகத்தின் அடியிலிருந்து பாதி தூரம் நகர்ந்திருக்கிறது. நகம் வளர வளர மேலே போகுமாம்.

லேப்பில் நான் யாரையும் வாருவதில்லை. எலிகளைக்கூட. நேற்று ரயில், “அக்கா, ஒரு தடவை ரயில்னு கூப்பிடுங்களேன்” என்றான். கூப்பிட்டேன். சரியாக வரவில்லை.

ஆகஸ்ட் 19

மேடம் வீட்டுக்கு வந்தார். வருகிற மாநாட்டில் அவரே பேசப் போகிறாராம். அவளுடைய நகத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவளிடமே கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்காக ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பட்டதெல்லாம் போதாதா, சுவரில் போட்டு வேறு காட்டணுமா! வாயைத் திறக்கப் போனேன். நாத்தனார் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

“கையை மட்டும் எடுங்க. மூஞ்சி வேண்டாம், முடி வரட்டும்.” பிறகு கேட்டாள்: “இதை நேரமில்லைன்னு வெட்டிட மாட்டீங்களே?”

மேடத்தின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “இதுதான் முதல் படம்” என்றார்.

செப்டம்பர் 4

மேடத்தின் ஒத்திகை. சட்டம் அவருக்கும் உண்டு. மறுபடி முன்வரிசையில் உட்கார மாட்டேன் என்றேன். “நீங்க இல்லாம நான் விமானம் ஏற மாட்டேன்” என்றார். உட்கார்ந்தேன்.

முதல் படம் சுவர் அகலத்துக்கு அவள் விரல்கள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த நுனி, வெள்ளைக் கோடு. எனக்குத் தெரிந்த கை. தூக்கிவாரிப் போட்டது. மேடம் முதலில் இறங்குகிற பக்கத்தைச் சொன்னார், பிறகுதான் ஏறுகிற பக்கம். நடுவில் கடிகாரம் மணி அடித்தது. அதை மேலங்கிப் பையில் போட்டு அமுக்கிக்கொண்டேன். உள்ளே கிடந்து அடித்து ஓய்ந்தது.

“புரியுதா அக்கா?” என்று மேடம் கேட்டார்.

“இப்பத்தான் புரியுது” என்றேன்.

செப்டம்பர் 20

பேச்சு முடிந்ததும் யாரும் சிரிக்கவில்லையாம். அந்த வயதான அம்மா எழுந்து வந்து, இந்தக் கைக்காரி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டாராம். இந்தத் தடவை ஒரு பை அல்ல, இரண்டு பை வந்தன. ஒன்றை மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் அதில் நூல்கண்டுகள் இருந்தன.

நவம்பர் 17

லேப்புக்கு லீவு. நாத்தனார் முன்னறையில் கூப்பிட்டாள். கூப்பிட்டாள்! நகவெட்டியைக் கையில் திணித்தாள். இடது கையால் வலது கை நகம் வெட்ட அவளுக்கு எப்போதும் வராது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு எல்லா விரலிலும் நுனிக்கு வந்துவிட்டது. ஒன்று வெட்டினேன், வெள்ளைத் துணுக்கு பறந்து போயிற்று. இரண்டு, மூன்று. அவள் தலையில் முடி காது வரை சுருண்டு நிற்கிறது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறாள். சொல்ல வாய் வந்தது. விழுங்கினேன்.

சுண்டு விரலுக்கு வந்தேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“இது இருக்கட்டும் அண்ணி.”

“ஏண்டி?”

“உன்னை மிரட்ட எனக்கு ஒன்னு வேணும்ல.”

விட்டுவிட்டேன்.